முதன்மைப் போட்டிக்கு முன் நடப்பவை

கேள்வி: குத்துச்சண்டை ஒளிபரப்புக்காக என் அண்ணா ஞாயிறு விடிய நாலரைக்கே எழும்பிவிடுகிறார். பெரிய போட்டியோ எட்டு மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை பெயரறியாதவர்கள் மோதுவதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அண்ணா எழும்புவதில் நியாயம் இருக்கிறது, தங்கையே. கோடை மாதங்களில் நம் ஊர் அதிகாலை 4.30 என்பது லாஸ் வேகாஸில் சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி. அந்நேரத்தில் மேடையேறுபவர்கள், பாதிக்கு மேல் வெறுமையாய்க் கிடக்கும் இருக்கைகளுக்கு முன்னால்தான் பெரும்பாலும் மோதுகிறார்கள். உலகப் பட்டப் போட்டி 12 சுற்றுகள் கொண்டது; புதியவர்களோ 4 சுற்றுகளில் தொடங்கி, 6, 8 என்று படிப்படியாக மூச்சையும் பெயரையும் வளர்த்துக்கொள்கிறார்கள்.

1975 ஒக்டோபர் 1ஆம் திகதி, பிலிப்பைன்ஸில் முகமது அலியும் ஜோ பிரேசியரும் மூன்றாம் தடவை மோதிய அன்று, அலியின் பயிற்சித் துணைவராக இருந்த லாரி ஹோம்ஸ் என்பவர் துணைப் போட்டியொன்றில் ரொட்னி பொபிக்கை ஆறாவது சுற்றில் வென்றார். அதே ஹோம்ஸ் 1978இல் உலகப் பட்டத்தைக் கைப்பற்றி, 1980இல் அலியையே தோற்கடித்தார்.

1996 மார்ச்சில் மைக் டைசன், பிராங்க் புரூனோவை மூன்றாம் சுற்றிலேயே முடித்துவிட்டார். ஆனால் அன்றிரவு பேசப்பட்டது அதற்கு முன் நடந்த பெண்களின் ஆறு சுற்றுப் போட்டிதான். மூக்கிலிருந்து குருதி வழிய வழியப் பின்வாங்காமல் நின்று டெய்ட்ரே கோகர்ட்டியை வென்ற கிறிஸ்டி மார்ட்டின், பெண்கள் குத்துச்சண்டையைக் கேலி செய்தவர்களையும் வாயடைக்க வைத்தார்.

என் மனதை அதிகம் தொடுபவர் இன்னொருவர். முந்தைய போட்டிகள் விரைவில் முடிந்தால் ஒளிபரப்பில் ஏற்படும் இடைவெளியை நிரப்பவென்று, நான்கு சுற்றுப் போட்டியொன்றைக் கையிருப்பில் வைத்திருப்பார்கள். அதற்குரிய வீரர் கைகளுக்குத் துணிக்கட்டுப் போட்டு, வியர்வை வரும்வரை உடலைச் சூடாக்கிக்கொண்டு உடைமாற்றும் அறையில் காத்திருப்பார். அழைப்பு வராவிட்டால் உடல் ஆறிப்போகும், மறுபடியும் எழுந்து சூடாக்க வேண்டும். சில இரவுகளில் அவருடைய முறை முதன்மைப் போட்டி முடிந்த பிறகே வரும். சனம் வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போது, மாதக்கணக்கில் பயின்றதையெல்லாம் அவர் அந்தப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் காட்டியாக வேண்டும்.