கூப்பிடு தூரம்

அன்புள்ள அக்கா,

உகாண்டாவின் புன்யோனி ஏரியில் ஒரு தீவு விடுதியில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்கினோம். புல் வேய்ந்த குடில், சோலார் விளக்கு, வாளியில் வெந்நீர், தண்ணீர் இல்லாத உலர் கழிப்பறை. ராத்திரிக் குளிருக்கு ஆளுக்கு இரண்டு கம்பளி வேண்டியிருந்தது. வசதியைக் குறைத்துவிட்டு 'சூழலுக்கு உகந்தது' என்று காசு வாங்குவது நியாயமா? படகுக்காரர், அந்தக் காலத்தில் பெண்களைக் கொண்டுபோய் விட்ட 'தண்டனைத் தீவை'க் காட்டினார், படம் எடுத்தோம். மகள் "அந்த அக்காங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

ம.

அன்புள்ள ம.,

கழிப்பறையை முதலில் முடித்துவிடுகிறேன். தீவில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் அது எங்கே போகும்? கரையில் இருப்பவர்கள் குடம் கொண்டுவந்து மொள்ளும் அதே ஏரிக்குத்தான். வாடகை அதிகமா என்பது உங்கள் பாடு.

என்னைத் தூங்கவிடாதது உங்கள் கடைசி வரி.

அந்தத் தீவின் பெயர் அகாம்பேனே. புல்லும் ஒரு மரமுமாக ஒரு சின்னத் திட்டு. கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான பகிகா இனப் பெண்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். கல்யாணம் என்றால் பெண் வீட்டுக்குப் பரிசமாக மாடுகள் வரும், கர்ப்பமானால் அது போச்சு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இது நடந்திருக்கிறது. பசியில் செத்தவர்கள் உண்டு, நீந்தப் பார்த்து மூழ்கியவர்கள் உண்டு. மாடு கொடுக்க வழியில்லாத ஆண்கள் ஓடத்தில் வந்து சிலரை அழைத்துப் போனார்கள். இதைக் காதல் கதை மாதிரிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வேறு ஓடம் வருமா?

எட்டு வருடத்துக்கு முன் நானும் போயிருக்கிறேன். ஒரே மரத்தைக் குடைந்த ஓடம், காலைப் பனி. படகுக்காரர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அப்புறம், கரைச் சரிவில் மண் கொத்திக்கொண்டிருந்த பெண்கள் பேசிச் சிரிப்பது கேட்டது. மொழி தெரியாத எனக்கே யார் கேலி பண்ணுகிறாள், யார் சிணுங்குகிறாள் என்று புரிந்தது. கூப்பிடு தூரம், தம்பி. அப்படியென்றால் அவள் கூப்பிட்டதும் கரைக்குக் கேட்டிருக்கும். கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரத்து ஏரி. நீங்கள் இரண்டு கம்பளி போர்த்திய குளிரில், உடுத்திய துணியோடு, கரையில் எரியும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கர்ப்பமாக்கியவனைப் பற்றி உங்கள் படகுக்காரர் ஏதாவது சொன்னாரா? என்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஏரியில் 29 தீவுகள் என்று எண்ணிச் சொல்கிறார்கள். தொழுநோயாளிகளுக்குக்கூட 1930களில் புவாமா தீவு ஒதுக்கப்பட்டது. அவனுக்கென்று ஒரு திட்டும் இல்லை. அவன் கரையிலேயே இருந்தான், மாடு சேர்த்தான், வேறு பெண்ணைக் கட்டினான்.

உங்கள் மகள் கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறாள். நீங்கள் பேச்சை மாற்றியது பெரிய தப்பு. 'என்ன தப்பு செஞ்சாங்க' என்கிற கேள்விக்குள்ளேயே தப்பு அவர்களுடையது என்று வந்துவிட்டது பாருங்கள். பதில் கிடைக்காத பிள்ளை அதை அப்படியே வைத்துக்கொள்ளும். ஒரு தப்பும் செய்யவில்லை என்று இன்றைக்கு ராத்திரியே அவளிடம் சொல்லுங்கள். வயசுக்கு ஏற்ற மாதிரி, ஆனால் முழுசாக.

அந்தப் படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தால் அதற்காகத் திட்டிவிடாதீர்கள். நல்ல பிள்ளை.