இரண்டாம் விதியை எட்டாத மேக்ரோ

கேள்வி: ஸ்கீம் குடும்பத்து நிரல்மொழியான ராக்கெட்டில் சின்டாக்ஸ்-ரூல்ஸ் கொண்டு ‘சுற்று’ என்ற மேக்ரோவை (எழுதியதை, நிரல் ஓடுமுன் வேறு நிரலாக விரிக்கும் விதிகளை) எழுதினேன். பட்டியலின் மீது சுற்ற ஒரு விதி, எண்களின் மீது சுற்ற இன்னொரு விதி. பட்டியல் வேலை செய்கிறது. எண்ணுக்கு வந்து (சுற்று எண் இருந்து 1 வரை 10 (டிஸ்ப்ளே எண்)) என்று எழுதினால் ‘வரை: அன்பவுண்ட் ஐடென்டிஃபையர்’ (வரையறுக்கப்படாத பெயர்) என்கிறது. இரண்டாம் விதியை எப்படித் திருத்தினாலும் அதே பிழைதான். விதிகளை இடம் மாற்றிப் போட்டதும் சரியானது. ஆனால் பட்டியல் சுற்றுக்குள் இரண்டு கட்டளைகள் எழுதிய அன்றே, அங்கே நான் எழுதாத ‘<=’ பற்றிப் புகார் வருகிறது. எங்கே தேடுவது?

(டிஃபைன்-சின்டாக்ஸ் சுற்று
  (சின்டாக்ஸ்-ரூல்ஸ் ()
    [(_ மா இல் பட்டியல் செயல் ...)
     (ஃபார்-ஈச் (லாம்டா (மா) செயல் ...) பட்டியல்)]
    [(_ மா இருந்து தொடக்கம் வரை முடிவு செயல் ...)
     (லெட் மறுபடி ([மா தொடக்கம்])
       (வென் (<= மா முடிவு)
         செயல் ...
         (மறுபடி (+ மா 1))))]))

பதில்: உங்கள் இரண்டாம் விதியில், நீங்கள் கேட்ட பிழைக்கான காரணம் எதுவும் இல்லை. அந்த விதிக்கு ஒருமுறைகூட முறை வரவில்லை. அதனால்தான் அதை எப்படித் திருத்தினாலும் பிழை அசையவில்லை.

பிழைச் செய்தியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. நீங்கள் எழுதியது (சுற்று எண் இருந்து 1 வரை 10 (டிஸ்ப்ளே எண்)). இதில் ‘இருந்து’, ‘வரை’ இரண்டுமே எங்கும் வரையறுக்கப்படாத பெயர்கள். அப்படியிருக்க, ‘வரை’ பற்றி மட்டும் புகார் வந்தது ஏன்? ‘இருந்து’ எங்கே போனது? இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இப்போது உங்கள் முதல் விதியில் வார்ப்புருவின் (விதியின் இரண்டாம் பகுதி, அதாவது விரிந்து வரவேண்டிய நிரல்) முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போடுங்கள். அதாவது (ஃபார்-ஈச் ...) என்பதை '(ஃபார்-ஈச் ...) ஆக்குங்கள். இனி மேக்ரோ விரிந்து வருவது நிரலாக ஓடாது. வெறும் தரவாகத் திரையில் வந்து நிற்கும்:

(ஃபார்-ஈச் (லாம்டா (எண்) வரை 10 (டிஸ்ப்ளே எண்)) 1)

எது எதோடு பொருந்தியது என்பது இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ‘இல்’ நிற்கவேண்டிய இடத்தில் ‘இருந்து’ போய் உட்கார்ந்து, வார்ப்புருவில் இடமில்லாமல் மறைந்துவிட்டது. 1 என்பது பட்டியலாகிவிட்டது. மிச்சமிருந்த ‘வரை’, 10, டிஸ்ப்ளே மூன்றையும் முப்புள்ளி ‘செயல்’ என்ற பெயரில் அள்ளிக்கொண்டது. மேக்ரோவில் பிழை தேடும்போது நான் முதலில் செய்வது இந்த மேற்கோள் தந்திரம்தான். எந்தக் கருவியும் வேண்டாம், எந்த ஸ்கீம் செயலாக்கத்திலும் நடக்கும்.

காரணம், சின்டாக்ஸ்-ரூல்ஸ் என்பதை அடுத்து நீங்கள் விட்டிருக்கும் அந்த வெற்று அடைப்புக்குறி. அது லிட்டரல்களுக்கான, அதாவது அப்படியே வரவேண்டிய சொற்களுக்கான இடம். அதில் சொல்லாத எந்தப் பெயரும் பேட்டர்னுக்குள் (விதியின் முதல் பகுதிக்குள்) வெறும் மாறிதான், எதை வேண்டுமானாலும் ஏற்கும். உங்கள் கண்ணுக்கு ‘இல்’ ஒரு கட்டாயச் சொல்லாகத் தெரியலாம். மேக்ரோவுக்கு அது ‘மா’, ‘பட்டியல்’ போன்ற இன்னொரு வெற்றிடம். விதிகளோ மேலிருந்து கீழாகத்தான் பார்க்கப்படும். முதலில் பொருந்துவதே தேர்வாகும், அதன்பின் வரும் பிழைக்காக அடுத்த விதிக்குத் திரும்புவது கிடையாது.

இடம் மாற்றியதும் சரியானது தற்செயல். எண் விதிக்குக் குறைந்தது ஐந்து உறுப்புகள் வேண்டும். ஒரே கட்டளை கொண்ட பட்டியல் சுற்றில் நான்குதான் இருக்கின்றன, எனவே அது நழுவிக் கீழே உள்ள விதிக்குப் போய்ச் சேர்ந்தது. (சுற்று ஒன்று இல் பெயர்கள் (டிஸ்ப்ளே ஒன்று) (நியூலைன்)) என்று எழுதியபோது ஐந்தாகிவிட்டது. ‘பெயர்கள்’ தொடக்கம் ஆனது, டிஸ்ப்ளே ‘வரை’யின் இடத்தில் விழுந்து மறைந்தது, நியூலைன் ‘முடிவு’ ஆனது. பிறகு (<= ஒன்று (நியூலைன்)) ஓடியது. திரையில் ஒரு வெற்று வரி வந்து, எண் வேண்டும், பட்டியல் கிடைத்தது என்று செய்தி வந்திருக்குமே? அதுதான். விதிகளை இடம் மாற்றிப் பார்ப்பது தவறில்லை. ஆனால் ஏன் சரியானது என்று தெரியாமல் அங்கேயே நிறுத்தினால் பிழை வேறோர் இடத்துக்குக் குடிபெயரும், அவ்வளவுதான்.

திருத்தம் ஒரே வரி: வெற்று அடைப்புக்குறியை (இல் இருந்து வரை) ஆக்குங்கள். வரிசை எப்படி இருந்தாலும் இரண்டு விதிகளும் இனி வேலை செய்யும்.

இதோடு விட்டுவிடலாம். ஆனால் சில நாளில் நீங்களே இப்படி ஒன்றை எழுதுவீர்கள் என்பது என் ஊகம்:

(டிஃபைன் (அச்சிடு வரை)
  (சுற்று எண் இருந்து 1 வரை வரை (டிஸ்ப்ளே எண்)))

இதற்கு ‘சுற்று: பேட் சின்டாக்ஸ்’ என்று பதில் வரும். எழுத்துப்பிழை தேடி எத்தனை முறை படித்தாலும் கிடைக்காது, ஏனென்றால் எழுத்தில் பிழை இல்லை. லிட்டரல் பொருந்துவதற்கு எழுத்து ஒன்றாக இருந்தால் போதாது, அந்தப் பெயர் குறிப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். மேக்ரோ எழுதப்பட்ட இடத்தில் ‘வரை’ எதையும் குறிக்காத பெயர். இந்தச் சார்புக்குள்ளோ அது ஓர் அளபுரு. இரண்டும் வேறு வேறு பெயர்கள் என்று மேக்ரோ முடிவுசெய்கிறது. ஒரு கோப்பில் ஓடி இன்னொரு கோப்பில் ஓடாத மேக்ரோவைக் கண்டால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

ராக்கெட்டில் இதற்கு எளிய வழி உண்டு: சொற்களுக்குப் பதிலாகக் கீவேர்ட்களை வையுங்கள். பேட்டர்னிலும் பயன்பாட்டிலும் #:இல், #:இருந்து, #:வரை என்று எழுதினால் போதும், லிட்டரல்களுக்கான அடைப்புக்குறி வெறுமையாகவே இருக்கலாம். கீவேர்டை யாரும் மாறியாக்க முடியாது. படிக்க அழகு கொஞ்சம் குறையும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வெறும் சொற்களே வேண்டும் என்றால் மேக்ரோ எழுதும் இன்னொரு கருவியான சின்டாக்ஸ்-பார்ஸுக்கு மாறி, #:டேட்டம்-லிட்டரல்ஸ் என்பதன் கீழ் அவற்றைக் கொடுங்கள். அது எழுத்தை மட்டுமே ஒப்பிடும். கல்பெப்பரும் ஃபெலைசனும் 2010இல் விவரித்த அந்த முறையில் இன்னொரு லாபமும் உண்டு: ‘மா’ ஒரு பெயராகத்தான் இருக்கவேண்டும் என்று பேட்டர்னிலேயே சொல்லலாம். மீறினால், தவறிய இடத்தைச் சுட்டிக்காட்டிப் புகார் வரும். அதற்கு வேண்டிய ஃபார்-சின்டாக்ஸ் இறக்குமதியை (மேக்ரோ விரியும் நேரத்துக்கான நூலகங்களை) மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மேற்கோள் தந்திரத்துக்கு ஒரு குறை இருக்கிறது. தரவாக அச்சிடும்போது பெயர்களின் எழுத்து மட்டுமே தெரியும். மேக்ரோ நுழைத்த ‘மறுபடி’யும் பயனர் எழுதிய ‘மறுபடி’யும் ஒன்றுபோலத் தோன்றும், உண்மையில் அவை மோதிக்கொள்வதில்லை. கோல்பெக்கர், ஃப்ரீட்மன், ஃபெலைசன், டூபா நால்வரும் 1986இல் முன்வைத்த ‘ஹைஜீன்’ முறை அவற்றைப் பிரித்துவைக்கிறது. அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க, ராக்கெட்டின் நிரலெழுதும் சூழலான டாக்டர் ராக்கெட்டின் மேக்ரோ ஸ்டெப்பர் பொத்தானை அழுத்துங்கள். ஒவ்வொரு படியாக விரித்து, மேக்ரோ நுழைத்த பெயர்களைத் தனி நிறத்தில் காட்டும். விரிவாக்கம் பாதியில் முறிந்தாலும் முறிந்த இடம் வரையிலான படிகள் கிடைக்கும்.

விரிவாக்கத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் செய்தியே வராத பிழைகளும் அகப்படும். உங்கள் எண் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘முடிவு’ என்ற இடத்தில் (ரீட்) என்று ஒருவர் எழுதினால் விரிவாக்கத்தில் (<= எண் (ரீட்)) சுழற்சிக்குள்ளேயே நிற்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பயனரிடம் புதிய எல்லை கேட்கப்படும். ஹைஜீன் பெயர்களைத்தான் காக்கும், ஒரு கோவை எத்தனை முறை ஓடுகிறது என்பது அதன் கவலையல்ல. வார்ப்புருவில் சுழற்சிக்கு வெளியே (லெட் ([எல்லை முடிவு]) ...) என்று ஒருமுறை கட்டி, உள்ளே (<= மா எல்லை) என்று மாற்றுங்கள். ‘எல்லை’ என்ற பெயரைப் பயனர் வைத்திருந்தாலும் கவலையில்லை.