சோமா: சைமன் முட்டாளா? கேள்வி பதில்

சோமா, ஸ்வீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2015 செப்டம்பரில் வெளியிட்ட ஹாரர் விளையாட்டு. டொராண்டோவில் மூளை ஸ்கேனுக்கு உட்காரும் நாயகன் சைமன், கண் திறக்கும்போது 2104-ஆம் ஆண்டு, கடலுக்கடியில் பாத்தோஸ்-2 நிலையத்தில் இருக்கிறான். இன்றுவரை இதைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு. மூன்றாவது கேள்வியிலிருந்து கதை உடைபடும்; ஆடி முடிக்காதவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்னீஷியா என்ற ஹாரர் விளையாட்டை எடுத்தவர்கள் என்று நம்பி வாங்கினேன். அந்தப் பயமே இல்லையே அண்ணா?

பதில்: இருட்டில் நின்றால் புத்தி தடுமாறுவது, விளக்கு எண்ணெய் தீர்ந்துபோவது, அந்த 2010 அம்னீஷியா சங்கதிகள் எதுவும் இதில் கிடையாது. பயம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஆரம்பத்தில் கார்ல் என்ற உடைந்த ரோபோ வரும். தன்னை மனிதன் என்றே அது நம்புகிறது. நீங்கள் முன்னேற வேண்டுமானால் அங்குள்ள மின்சாரத்தில் கை வைத்தாக வேண்டும்; அது கார்லையே பாதிக்கும். அந்த இடம் உங்களை ஒன்றும் செய்யவில்லை என்றால், மீதி விளையாட்டும் பிடிக்காமல் போகலாம்.

கேள்வி: அரக்கர்கள் தேவையா? அவை கொல்லாத சேஃப் மோடில் ஆடினால் ஏமாற்றுவதாகுமா?

பதில்: ஆகாது. அரக்கர்கள் தாக்காதபடி ஆட்டக்காரர்களே விளையாட்டை மாற்றி வைத்திருந்தார்கள். அப்புறம் 2017 டிசம்பரில் நிறுவனமே சேஃப் மோடைக் கொடுத்தது. ஆபத்தே இல்லாவிட்டால் நிலையம் வெறும் அருங்காட்சியகமாகிவிடும் என்கிறார்கள் சிலர். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒளிந்துகொண்டே இருப்பவருக்கு இறந்தவர்களின் குரல்பதிவுகளை நின்று கேட்க நேரமில்லை. இந்த விளையாட்டின் உயிர் அந்தப் பதிவுகளில்தான் இருக்கிறது. முதல்முறை ஆடுகிறவருக்கு நான் சேஃப் மோடையே சொல்வேன்.

கேள்வி: எதைத் தேர்ந்தெடுத்தாலும் முடிவு மாறவில்லை. அப்புறம் எதற்குத் தேர்வு?

பதில்: பாத்தோஸ்-2-இன் டாவ் என்ற பகுதியில் சாரா லிண்ட்வால் இருக்கிறாள். மீந்திருக்கும் கடைசி மனிதர். உயிர்காப்புக் கருவியை நிறுத்தச் சொல்லி உங்களிடம் கேட்கிறாள். நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் பரிசோ தண்டனையோ கிடையாது. புள்ளிக்கணக்கு இருந்திருந்தால் நான் புள்ளியைப் பார்த்து முடிவெடுத்திருப்பேன். அது இல்லாததால், அவளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: சைமன் ஏன் இவ்வளவு மக்காக இருக்கிறான்? பாத்தோஸின் ஓமிக்ரான் பகுதியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டதே!

பதில்: அதிகம் சண்டை நடப்பது இதில்தான். ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்க அவனுக்கு வேறு உடல் வேண்டும். அவனுக்குத் துணையாக வரும் விஞ்ஞானி கேத்தரின் அவன் மனதை நகலெடுத்துப் புதிய உடலில் போடுகிறாள். பழைய சைமன் நாற்காலியிலேயே இருக்கிறான், அவன் குரலும் கேட்கிறது. இதைப் பார்த்த பிறகும், மனித மனங்களின் நகல்களை ஏற்றி விண்வெளிக்கு அனுப்பும் கணினி உலகமான ஆர்க்குக்குத் தானே போய்ச் சேருவோம் என்று எப்படி நம்புகிறான் என்பதுதான் உங்கள் கோபம்.

சரி, அவன் நினைவிலிருந்து பாருங்கள். டொராண்டோவில் உட்கார்ந்தான், பாத்தோஸில் எழுந்தான். ஓமிக்ரானில் உட்கார்ந்தான், புதிய உடலில் எழுந்தான். ஒவ்வொரு முறையும் 'நான் வந்து சேர்ந்துவிட்டேன்' என்பதே அவன் அனுபவம். பின்தங்கியவனின் நினைவு இவனிடம் இல்லை. நாமும் எப்போதும் வந்து சேர்ந்தவனாகவே ஆடினோம். கடைசியில்தான் விளையாட்டு நம்மைப் பின்தங்கியவனோடு விட்டுவிடுகிறது. அவனை முட்டாளாக எழுதியிருக்கிறார்கள் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சாகப் பயப்படுகிற ஒருவன், தப்பிக்க இருக்கும் ஒரே வழியைச் சந்தேகிக்க மறுக்கிறான், அவ்வளவுதான்.

கேள்வி: கேத்தரின் வேண்டுமென்றே ஏமாற்றினாளா?

பதில்: பாதி. நகலெடுத்த பிறகு எந்த உடலில் எழுவோம் என்பது நாணயம் சுண்டுவதுபோல் அதிர்ஷ்டம் என்று அவன் நினைத்துக்கொண்டதை அவள் அழுத்தமாகத் திருத்தவில்லை. ஆர்க்கை ஏவ அவளுக்கு அவன் கைகள் தேவைப்பட்டன.

கேள்வி: இருட்டில் தனியாக விட்டு முடித்துவிட்டார்களே. கடுப்பில் அணைத்துவிட்டேன்.

பதில்: பலர் இப்படிப் பாதியில் எழுந்துவிடுகிறார்கள். பெயர்கள் ஓடி முடிந்த பிறகும் ஆட்டம் இருக்கிறது. ஆர்க்குக்குள் எழுந்த இன்னொரு சைமனாக அங்கே நடக்கலாம். கேத்தரினையும் பார்க்கலாம். கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.