மதுரையிலிருந்து ஒரே நாளில் சென்று வர, கொடைக்கானல் நகர மையத்தில் நடந்தே பார்க்கத்தக்க பழைய இடங்கள் எவை?

வாடகை வேன் வேண்டாம், பேருந்தில் போய்க் காலாற நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவே சரியான முடிவு என்பது என் கருத்து. வேனில் சுற்றினால் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் கணக்குக் காட்டலாம். ஆனால் ஏரிக்கும் கோக்கர்ஸ் வாக் என்ற மலைவிளிம்பு நடைபாதைக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பரப்பில்தான் ஊர் உருவான வரலாறு முழுவதும் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் மதுரையிலிருந்து போனவர்களின் வரலாறு.

அரப்பாளையத்தில் அதிகாலைப் பேருந்தைப் பிடித்தால் வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் மேலே சேர்ந்துவிடலாம். சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ வருவோர்தான் இ-பாஸ் (இணையத்தில் பெறும் முன்னனுமதி) எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அது தேவையில்லை.

இறங்கியதும் முதலில் கோக்கர்ஸ் வாக்கிற்குச் செல்லுங்கள். நண்பகலுக்குப் பிறகு பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மலைச்சரிவின் விளிம்பை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செல்லும் இந்த நடைபாதையை 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்தார். சிறுவயதில் அப்பாவுடன் முதன்முறை அங்கே நின்றபோது பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மையாக இருந்தது. கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன, பிடித்த கை மரத்துப்போனது. சிறிது நேரத்தில் பனி விலகி, வெகு கீழே பெரியகுளத்துச் சமவெளியும் அதற்கப்பால் தகரத்துண்டு போல மின்னிய ஒரு நீர்ப்பரப்பும் தெரிந்தன. "அந்தா தெரியுது பாரு, வைகை அணை. நம்ம வீட்டுக் குழாயில வர்றது அந்தத் தண்ணிதான்" என்றார் அப்பா. மதுரைக்காரர்கள் அந்தக் காட்சியைத் தவறவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அருகிலேயே சலேத் மாதா ஆலயம் இருக்கிறது. 1866-இல் கட்டப்பட்டது, ஆகஸ்ட் மாதத் திருவிழாவின்போது சென்றால் கூட்டத்தை எதிர்பார்த்துச் செல்லுங்கள்.

அங்கிருந்து ஏரியை நோக்கி இறங்கும்போது, இந்த ஊருக்கு மனிதர்கள் எப்படி வந்தார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார் சாலை வருவதற்கு முன், கொடை ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து, கூலியாட்கள் சுமக்க மேலே வந்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்துக்கு அந்தச் செங்குத்தான பாதையில் அவர்களைத் தோளில் சுமந்த நம் ஊர் மனிதர்கள் ஒருவரின் பெயரையும் நகரின் எந்தப் பலகையிலும் நான் கண்டதில்லை. இது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

பிரையன்ட் பூங்கா ஏரியின் கிழக்கே, வழியிலேயே வரும். 1908-இல் இதைத் திட்டமிட்ட பிரையன்ட், மதுரையில் வன அதிகாரியாக இருந்தவர். மே மாத மலர்க் கண்காட்சி இங்குதான் நடைபெறும். மற்ற மாதங்களில் அரை மணி நேரம் போதுமானது.

ஏரிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பார்ப்பதற்கு இயற்கையாக அமைந்தது போலத் தோன்றினாலும் இது கரை கட்டித் தேக்கிய ஏரி. மதுரை கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச், சதுப்பு நிலமாக இருந்த பள்ளத்தில் 1863-இல் ஓடைகளை மறித்துக் கரை எழுப்பினார்; முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து அவரே கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். படகுத் துறையில் வரிசையில் நிற்பதைவிட, ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஏரிச் சாலையில் நடப்பதே நல்லது. நட்சத்திரம் போலப் பல கைகளாக நீண்டிருப்பதால் எங்கே நின்றாலும் முழு ஏரி கண்ணில் படாது. ஒவ்வொரு வளைவிலும் நீர் மறைந்து மறுபடி வேறொரு வடிவில் வெளிப்படும். ஒன்றரை மணி நேரம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்கள் உடன் வந்தால், வளைவுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து செல்லலாம், பாதை பெரும்பாலும் சமதளம்தான். பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் புட்டியில் தண்ணீர் கொண்டு செல்லுங்கள்.

மாலையில் பேருந்து கீழிறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில், வெள்ளி நீர்வீழ்ச்சியை ஒட்டிய பாலத்தை அது கடக்கும், அதற்குள் தூங்கிவிடாதீர்கள். ஏறத்தாழ 180 அடி உயரத்திலிருந்து பாறையில் சிதறி விழும் அந்த நீர், பகலில் நீங்கள் சுற்றி நடந்த ஏரியிலிருந்து வழிந்து வருவது.