வழிகாட்டி இல்லாமல் உயர்மலை நடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: 84 கி.மீ. மலைப்பாதையை ஆறு நாளில் முடிக்க நினைக்கிறோம். நாளுக்கு 14 கி.மீ. வருகிறது. சமவெளியில் 20 கி.மீ. சுலபமாக நடப்பவர்கள் நாங்கள். திட்டம் சரிதானே?

பதில்: சரியில்லை. மலையில் கிலோமீட்டரை வகுத்து நாள் பிரித்தால் கணக்கு முதல் நாளே இடிக்கும். மணிக்கணக்கில் பிரியுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் தந்த சூத்திரம் இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 14 கி.மீ. பாதையில் 1,200 மீட்டர் ஏற்றம் இருந்தால் 4 மணி 48 நிமிடம். ஆனால் இது நல்ல உடல்வாகு உள்ளவர், நில்லாமல் நடந்தால் ஆகும் நேரம். முதுகில் சுமை, மெல்லிய காற்று, தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் நிற்பது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதியைக் கூட்டினால் ஏழு மணி நேரத்தைத் தாண்டும். செங்குத்தான இறக்கத்தில் நேரம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் அங்கேயும் கூடும்.

ஏற்றத்தை எப்படி அளப்பது? புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மட்டும் எடுப்பதுதான் பலர் செய்யும் பிழை. நடுவில் 200 மீட்டர் ஓடைக்கு இறங்கி மறுபடி ஏறினால், அதுவும் உங்கள் கால்களுக்குக் கணக்குதான். 1:50,000 வரைபடத்தை விரித்து, ஒரு நூலைப் பாதையின் வளைவுகளோடு ஒட்டி வையுங்கள். 2 செ.மீ. நூல் ஒரு கி.மீ. பிறகு அதே பாதையில் ஏறும் திசையில் குறுக்கிடும் சமவுயரக் கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) மட்டும் எண்ணுங்கள். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் என்றால், 60 கோடு 1,200 மீட்டர். குட்டிக் கொண்டைஊசி வளைவுகள் வரைபடத்தில் நேர்கோடாகிவிடும் என்பதால் நூல் எப்போதும் குறைத்தே காட்டும்.

மலையில் பிற்பகலில் மேகம் திரண்டு இடி மின்னல் வருவது வழக்கம். அதனால் இரண்டு மணிக்குள் கூடாரம் போட்டுவிடுவதுபோல் புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வானிலைக்கென்று ஒரு நாள் உபரியாக வையுங்கள். அதற்கும் சாப்பாடு எடுங்கள்.

கேள்வி: முதல் இரவு 2,900 மீட்டர், இரண்டாம் இரவு 3,600, மூன்றாம் இரவு 4,200. மறுநாள் 4,700 மீட்டர் கணவாயைக் கடக்கிறோம். தினமும் ஓடுகிறவர்கள் நாங்கள். ஓய்வு நாள் தேவையா?

பதில்: தேவை. மேலே ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயை ஓட்டப் பயிற்சி தடுக்காது. வேகமாக நடக்க முடிகிறவர்கள் வேகமாக மேலே போய்விடுவதால், அவர்களுக்குத்தான் ஒரு வகையில் ஆபத்து அதிகம்.

பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட, எங்கே தூங்குகிறீர்கள் என்பதே முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். உங்கள் திட்டத்தில் 700, 600 என்று தாவுகிறீர்கள். இப்படி மாற்றுங்கள்: 2,900, 3,300, 3,700, மறுபடி 3,700, பிறகு 4,150, அதன்பின் கணவாய். இரண்டு நாள் கூடும். விடுமுறை போதாது என்றால் நாளைக் குறைக்காதீர்கள், பாதையை மாற்றுங்கள்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி சேர்ந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். ஒரு நாளில் குறையாவிட்டாலும், கூடினாலும் இறங்குங்கள். குதிகாலை முன்பாத விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் மூளையில் வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே இறக்க வேண்டும். தனியாக அனுப்பவும் கூடாது. உயர நோய்த் தடுப்புக்கு அசெட்டசோலமைடு மாத்திரை 125 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை என்பது வழக்கமான அளவு. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்லி, மருத்துவரைக் கேட்டே எடுங்கள்.

வழிகாட்டி இல்லாதவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. பயணத் திட்டத்தில் ஒவ்வொரு முகாமின் பெயருக்கும் பக்கத்தில் 'இங்கிருந்து எந்த வழியாக, எத்தனை மணி நேரத்தில் 500 மீட்டர் இறங்கலாம்' என்று எழுதிவையுங்கள். இரண்டு கணவாய்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கில் தங்கினால், இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் லேசான தலைவலியோடுகூட நுழையாதீர்கள்.

கேள்வி: கேஸ் பாதி இருந்தும் காலையில் அடுப்பு சரியாக எரியவில்லை. ஏன்?

பதில்: குளிர். கேனிஸ்டரில், அதாவது கேஸ் டப்பாவில், இருப்பது திரவம். அது ஆவியானால்தான் எரியும். கடல்மட்டக் கணக்கில் சாதா பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை, புரொபேன் மைனஸ் 42 வரை தாங்கும். எரிய எரிய டப்பா தன்னையே குளிர்வித்துக்கொள்கிறது. புரொபேன் முதலில் தீர்ந்துவிடுகிறது. பாதி டப்பா படுத்துவது இதனால்தான். ஐசோபியூட்டேன் புரொபேன் கலவை வாங்குங்கள், இரவில் உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சமைக்கும்போது டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். காற்றுத் தடுப்பை டப்பாவையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினால் வெடிக்கும். மூடிய கூடாரத்துக்குள் பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு கொல்லும். விமானத்தில் கேனிஸ்டரைக் கொண்டுபோக முடியாது. இறங்கிய பின் எங்கே வாங்குவது என்பதை முன்பே பாருங்கள்.

4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற வகை உணவே எரிபொருளை மிச்சப்படுத்தும். குடிநீருக்கு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே கீறல் விடும், வெளியே தெரியாது. அதுவும் உறக்கப்பைக்குள்தான்.

கேள்வி: பாதையில் பாலமில்லாத பனியாற்று ஓடை உண்டு. எப்படிக் கடப்பது?

பதில்: விடிகாலையில். வெயிலில் பனி உருகி மாலையில் நீர் ஏறும். முன்தினமே கரையில் தங்கும்படி முகாமை அமையுங்கள். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். செருப்பை, ஷூவைக் கழற்ற வேண்டாம். வேகமான நீர் முழங்காலைத் தாண்டினால் அகலமான இடம் தேடுங்கள், இல்லையேல் திரும்புங்கள்.

கேள்வி: போனில் வரைபடம் இறக்கிவைத்தால் போதாதா?

பதில்: சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் குளிரில் பேட்டரி திடீரென்று படுக்கும். விமானப் பயன்முறையில், சட்டைக்குள் வையுங்கள். காகித வரைபடமும் காம்பஸும் கூடவே வேண்டும்.

கேள்வி: வழியில் அடிபட்டால் உதவி கேட்பது எப்படி?

பதில்: மலை அபாய அழைப்பு, நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது விளக்கு, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். பதில் வந்தாலும் நிறுத்தாதீர்கள், தேடி வருபவர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நெருங்குவார். சிக்னல் இல்லாத பகுதிக்குச் செயற்கைக்கோள் கருவி ஒன்று அவசியம். ஊரில் ஒருவரிடம் முகாம் பட்டியலையும் மீட்புக் குழுவின் எண்ணையும் கொடுத்து, எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உபரி நாளையும் சேர்த்தே அந்த நேரத்தைக் குறியுங்கள்.