முதல் பைட்டுகளே அடையாளம்

கேள்வி: எங்கள் அச்சகத்தின் பழைய வட்டிலிருந்து மீட்ட கோப்புகளின் பெயரில் நீட்டிப்பு எதுவும் இல்லை. அவை எவ்வகைச் சுருக்கம் என்று எப்படி அறிவது?
(வாசகர், மேலூர், மதுரை மாவட்டம்)

பதில்: கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளைப் பதினறும எண்களாகவும் எழுத்துகளாகவும் அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்து முதல் பைட்டுகளைப் பாருங்கள், பெயரை யார் மாற்றினாலும், சுருக்கிய மென்பொருள் தொடக்கத்தில் பதித்த அடையாளம் அப்படியே இருக்கும். 'பிகே' என்று தொடங்கினால் ஸிப். அவ்வெழுத்துகள் அவ்வடிவத்தை 1989இல் வெளியிட்ட ஃபில் காட்ஸின் பெயருக்குரியவை. ஆனால் உடனே பிரித்துவிடாதீர்கள்: வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளும் அடிப்படையில் ஸிப்தான் என்பதால், உள்ளே 'வேர்ட்' என்ற கோப்புறை தென்பட்டால் டாக்எக்ஸ் நீட்டிப்பைச் சேர்த்துத் திறந்தாலே போதும். '1எஃப் 8பி' என்றிருந்தால் ஜிஸிப். ராரும் செவன்ஸிப்பும் தத்தம் பெயரையே தொடக்கத்தில் எழுதுகின்றன. கோப்புகள் ஏராளமாக இருந்தால், லினக்ஸின் 'ஃபைல்' கட்டளை இவற்றை மொத்தமாகவே இனங்கண்டு சொல்லும். எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். மூல வட்டைத் தொடாதீர்கள்.