உப்புவெளியில் காணி வாங்கும் முன்: செப்டெம்பரில் கிணறு, டிசம்பரில் நிலம்

கேள்வி: வவுனியாவில் இருந்து திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. நான் ஆசிரியை. பட்டினத்துக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. உப்புவெளியில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, பத்துப் பேர்ச் காணி வாங்கலாம் என்று நானும் கணவரும் யோசிக்கிறோம். மகளுக்கு அடுத்த வருடம் முதலாம் தரம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இருந்து பார்த்துவிட்டு வாங்குவது நல்ல யோசனை. அந்த ஒரு வருடத்துக்குள் ஒரு செப்டெம்பரும் ஒரு டிசம்பரும் வரும். இரண்டையும் பார்க்காமல் உப்புவெளியில் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

பட்டினத்தில் இருந்து நிலாவெளி வீதியில் வடக்கே ஐந்து கிலோமீற்றர் அளவில் இருக்கிறது உப்புவெளி. இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரின் மயானம் வீதியோரம் தெரியும், அதுதான் அடையாளம். தரகர் ‘டவுன்தான்’ என்பார். பஸ்ஸில் போய்வர அது உண்மைதான். ஆனால் வீட்டுப் பிளானுக்கு அனுமதி, ஆதன வரி, குப்பை எல்லாவற்றுக்கும் நீங்கள் போக வேண்டியது பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கு.

வாடகையைப் பற்றி ஒரே விஷயம். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே உல்லாசப் பயணிகளின் காலம். கடற்கரைப் பக்கத்து வீட்டுக்காரர் சிலர் ஒக்டோபரில் மலிவாகத் தந்துவிட்டு, ஏப்ரலில் ‘பிள்ளை, வீடு தேவைப்படுது’ என்று வந்து நிற்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடற்கரை மணலில் இறங்கும் மழைநீர், அடியில் உள்ள உவர்நீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. நம் கிணற்றில் ஊறுவது அதுதான். மேலே நன்னீர் ஓரடி இறங்கினால், கணக்குப்படி அடியில் உவர் நாற்பது அடி வரை ஏறக்கூடும். அயலில் ஒரு ஹோட்டல் பெரிய மோட்டர் போட்டு இறைத்தால் உங்கள் கிணற்றுக்கும் அது தெரியும். மழை முடிந்து ஜனவரியில் காட்டுகிற கிணறு தேனாக இனிக்கும். அதை நம்ப வேண்டாம். கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக் காற்று) அடித்து ஓய்ந்த செப்டெம்பரில் போய், அந்தத் தண்ணீரில் ஒரு பிளேன்ரீ போட்டுக் குடியுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பருப்பு வேகிறதா, சவர்க்காரம் நுரைக்கிறதா என்று கேளுங்கள். ஆய்வுகூட அறிக்கை அப்புறம் எடுக்கலாம். கந்தளாய்க் குளத்து நீர் குழாயில் வருகிறதே என்பீர்கள். பிரதான வீதியில் குழாய் போவது வேறு, அந்த ஒழுங்கைக்குள் வந்திருப்பது வேறு. அயல்வீட்டு மீற்றரைக் கண்ணால் பாருங்கள். இன்னொன்று, பத்துப் பேர்ச்சில் கிணறும் மலக்குழியும் ஒன்றுக்கொன்று ஐம்பது அடி தள்ளி இருப்பதே பெரும் பாடு. மணல் நிலம் அழுக்கை முழுதாக வடிகட்டி நிறுத்தாது. பக்கத்துக் காணியின் குழி எங்கே என்பதையும் பாருங்கள்.

டிசம்பரில் நிலத்தைப் பாருங்கள். வாடைக்கால மழை இரண்டு நாள் விடாமல் பெய்த மறுநாள் காலையில் போக வேண்டும். சுற்றிலும் மண் போட்டு உயர்த்திய காணிகளுக்கு நடுவே உங்களுடையது மட்டும் பள்ளமாக இருந்தால், ஊர்த் தண்ணீர் முழுக்க உங்கள் முற்றத்தில் நிற்கும். மதிலில் பழைய நீர்க்கோடு தெரிந்தால் அதன் உயரத்தை அளந்து வையுங்கள். வீட்டின் தரைமட்டம் அதற்கு மேலே நிற்க வேண்டும்.

வீதிக்குக் கடல் பக்கம் வாங்குவதாக இருந்தால், உயர்நீர்மட்டக் கோட்டில் இருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். 2004 ஆழிப்பேரலையைக் கண்ட கரை இது. நான் என்றால் வீதிக்கு மேற்கே, மேடான ஒழுங்கையில்தான் வாங்குவேன். காற்றுக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இனிப் பத்திரம். விற்பவர் கையில் இருப்பது காணி உறுதியா (சொந்தக் காணிக்கான உரிமைப் பத்திரம்), அரச காணி அனுமதிப்பத்திரமா என்பதை முதலில் கேளுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. ‘லோயரிடம் எழுதித் தாறன், எல்லாரும் அப்படித்தான் செய்யினம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உறுதிக் காணி என்றால் உங்கள் சொந்தச் சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவைத் தேடச் சொல்லுங்கள். விற்பவரின் சட்டத்தரணி வேண்டாம். உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருந்து அற்றோணித் தத்துவம் (தமக்குப் பதிலாகச் செய்ய இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மூலம் விற்பது இங்கே சாதாரணம். பத்திரம் பதியப்பட்டதா என்று பார்த்தால் மட்டும் போதாது. கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள், அவர் இறந்தால் அந்த அதிகாரமும் போய்விடும். கூச்சப்படாமல் வீடியோ அழைப்பில் பேசிவிடுங்கள். கடைசியாக, பழைய பிளானை நம்பாமல் நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். வேலி நகர்ந்த கதை இங்கே ஒழுங்கைக்கு ஒன்று உண்டு.

மகளின் பாடசாலை விஷயம் அவசரம். முதலாம் தர அனுமதியில், வீடு இருக்கும் இடத்தை வைத்துக் கேட்கும் வதிவிடப் பிரிவில், ஐந்து வருடம் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால்தான் அதற்கு முழுப் புள்ளி. அத்துடன், நீங்கள் கேட்கும் பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்ட உள்ள, மகளைச் சேர்க்கக்கூடிய ஒவ்வொரு பாடசாலைக்கும் புள்ளி குறையும். உப்புவெளியில் இருந்துகொண்டு பட்டினத்துப் பெரிய பாடசாலையை அந்த வழியில் கேட்பது கடினம். ஆனால் கல்வித்துறையில் இருப்போரின் பிள்ளைகளுக்கும், சேவைத் தேவைக்காக இடமாற்றப்பட்ட அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் இடமாற்றக் கடிதத்தை எடுத்து, நீங்களாகக் கேட்டுப் பெற்றதா, திணைக்களம் அனுப்பியதா என்று வாசித்துப் பாருங்கள். வீடு தேடும் முன் செய்ய வேண்டிய வேலை இதுதான்.